பெங்களூரில் பழைய ரோஜாக்கள்: எது நிற்கும், எது ஏமாற்றும்

(ரோஜா வளர்ப்பவர்களின் உரையாடல். ஒவ்வொரு பகுதிக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்.)

காக்ஸ் டவுன் கொடி

பழைய ரோஜா தேடுகிறவர்கள் பலரும் முதலில் கேட்பது படங்களில் பார்த்த காலிக்கா, ஆல்பா, சென்டிஃபோலியா வகைகளை. பெங்களூருக்கு அவை வேண்டாம். முந்தைய ஆண்டு முற்றிய கொம்பில், வருடத்துக்கு ஒரே ஒரு முறை பூப்பவை அவை. அதற்குச் செடி கடுங்குளிரில் உறங்கி எழவேண்டும். நம் ஊர் ஜனவரி இரவு 15 டிகிரி வாக்கிலேயே நின்றுவிடுகிறது. செடி சாகாது, இலையாகத் தழைத்துக்கொண்டே போகும், எத்தனை உரம் போட்டாலும் மொட்டு வராது. கன்னோஜ், புஷ்கர் பக்கம் அத்தருக்குப் பயிரிடும் டமாஸ்க் ரோஜாவை இங்கே நட்டாலும் இதே ஏமாற்றம்தான்.

நமக்கு ஏற்றவை சீன ரோஜாவின் ரத்தம் கலந்த குடும்பங்கள்: சைனா, டீ, நாய்செட், பூர்பன். இவற்றுக்கு உறக்கம் தேவையில்லை. துளிர்க்கும்போதெல்லாம் பூக்கும். 1867இல் முதல் ஹைப்ரிட் டீ ரோஜாவான 'லா ஃப்ரான்ஸ்' வருவதற்கு முன்பே இருந்த குடும்பங்களைப் பழைய ரோஜா என்று கணக்கு வைக்கிறார்கள். கணக்கு குடும்பத்துக்கு, தனி ரகத்தின் வயதுக்கு அல்ல. அதனால் 1910இல் வந்த 'லேடி ஹில்லிங்டன்' கூட டீ குடும்பம் என்பதால் இதில் சேரும்.

முதல் செடி வைக்கிறவர்களுக்கு என் பரிந்துரை 'ஓல்டு ப்ளஷ்'. வருடம் முழுக்கப் பூக்கும், குச்சியிலேயே வேர் பிடிக்கும். கடையில் இதுதானா என்று தெரிந்துகொள்ளப் பூவைக் கவனியுங்கள். இன்றைய கலப்பின ரோஜாக்களில் பெரும்பாலானவை வெயிலில் வெளுக்கும். ஓல்டு ப்ளஷ் வெளிர் ரோஸில் திறந்து, நாள் ஆக ஆக நிறம் கூடும்.

அல்சூர் செம்மண்

சைனாவுக்கு அடுத்து, ஏன் முதலிலேயே, பன்னீர் ரோஜாவைச் சொல்லவேண்டும் சார். தமிழ்நாட்டில் மாலைக்கும் குல்கந்துக்கும் பயிராகும் இந்த எட்வர்டு ரோஜா, பூர்பன் குடும்பத்தின் மூத்த செடிகளில் ஒன்று. இன்று ரீயூனியன் என்று சொல்லும் பூர்பன் தீவில், வேலியாக வைத்திருந்த சைனாவும் இலையுதிர் டமாஸ்க்கும் தாமாகக் கலந்து பிறந்த வம்சம் இது. டமாஸ்க்கின் வாசனையும் சைனாவின் ஓயாத பூப்பும் ஒரே செடியில் கிடைப்பது அதனால்தான்.

இதையே நம் நாட்டில் ஒட்டுக்கட்டும் வேர்ச்செடியாகவும் நெடுங்காலம் பயன்படுத்தினார்கள். கன்டோன்மென்ட் பக்கத்துப் பழைய பங்களாக்களிலும் தேவாலய வளாகங்களிலும் "நூறு வருட ரோஜா" என்று காட்டுகிறார்களே, அவற்றில் பல, மேலே ஒட்டியது எப்போதோ பட்டுப்போய் அடியிலிருந்த எட்வர்டு எழுந்து நிற்பவைதான். ஆகவே ஒட்டு முடிச்சுக்குக் கீழே, வேர்ச்செடியிலிருந்து வரும் போத்தை (புதுத் தளிர்க்கொம்பை) கண்ணை மூடிக்கொண்டு வெட்டாதீர்கள். இலைக்காம்பின் அடியில் ஒட்டியிருக்கும் இலையடிச் செதிலைப் பாருங்கள். அது சீப்புப் பல்லைப் போல் கிழிந்திருந்தால் மல்டிஃப்ளோரா என்ற வேறொரு வேர்ச்செடி. தயங்காமல் எடுத்துவிடலாம். மேலே வெட்டினால் இரண்டாக வரும், எனவே மண்ணை விலக்கி வேரோடு சேரும் இடத்தில் பிய்த்தெடுக்கவேண்டும். செதில் ஓரம் மழமழவென்று இருந்தால் ஒரு போத்தை மட்டும் பூக்க விடுங்கள். அடர்ந்த ரோஸ் நிறத்தில் கிண்ணம் போன்ற பூ கொத்தாக வந்து பன்னீர் மணம் வீசினால் அது எட்வர்டு, தனிச்செடியாகப் பிரித்து வைக்கலாம்.

வணிகப் பயிரில் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் இதை 50 செ.மீ. உயரத்துக்குக் கவாத்து செய்வார்கள். வீட்டுத் தோட்டத்தில் அது தேவையில்லை. 4, 5 அடி நீண்ட கொம்புகளை வளைத்துக் கிடைமட்டமாகக் கட்டுங்கள். நிமிர்ந்து நிற்கும் கொம்பில் நுனி மொட்டு கீழ்க் கணுக்களை அடக்கி வைத்திருக்கும். படுக்கவைத்தால் அந்தப் பிடி தளர்ந்து கணுவுக்குக் கணு பக்கக்கிளை எழும், ஒவ்வொன்றிலும் பூ வரும். முற்றிய கொம்பு ஒடியும், ஆகவே ஒரே நாளில் முழுதும் வளைக்காமல் இரண்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக் கட்டவேண்டும்.

மல்லேஸ்வரம் மாடித்தொட்டி

மாடியில் வைப்பவர்களுக்கு: பூர்பனும் டீயும் 12 அங்குலத் தொட்டியில் ஒரு வருடம்தான் தாங்கும். 16 அங்குலம் வேண்டும், ஆழமும் அதே அளவு. செம்மண் 2 பங்கு, மக்கிய தொழுஉரம் 1, கரடுமுரடான மணல் 1. தொட்டிக்கு வேப்பம்புண்ணாக்கு 100 கிராம், எலும்புத்தூள் 100 கிராம். புண்ணாக்கை வேரை ஒட்டிப் போட்டால் மக்கும்போது சூடு கிளம்பி இளவேர் வெந்துவிடும், ஓரமாகக் கலக்கவும்.

பெரிய சிக்கல் போர்வெல் தண்ணீர். அதன் காரத்தன்மை மண்ணில் ஏறினால் இளம் இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது இரும்புச்சத்துக் குறை. மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்கமுடியாத நிலை. லிட்டருக்கு 2 கிராம் ஃபெரஸ் சல்பேட் கரைத்து இலையில் தெளித்தால் தற்காலிகமாகப் பச்சை திரும்பும். மண்ணில் ஊற்றுவதானால் ஈ.டி.டி.எச்.ஏ. வகை இரும்புதான் கார மண்ணில் நிற்கும், மலிவான ஈ.டி.டி.ஏ. வகை சீக்கிரமே வீணாகிவிடும். மழைநீரைப் பிடித்து ஊற்றுவது இரண்டையும்விட நல்லது.

டீ ரோஜாவை ஹைப்ரிட் டீ போல முழங்கால் உயரத்துக்கு வெட்டுவதுதான் இங்கே அதிகம் நடக்கும் கொலை. அது தன் சேமிப்பைப் பழைய கொம்பில் வைத்திருக்கிறது. காய்ந்தது, ஒன்றோடொன்று உரசுவது, தீக்குச்சி போல மெலிந்தது, இவற்றை மட்டும் எடுங்கள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்கவேண்டாம். அக்டோபர் மழை ஓய்ந்த பிறகு செய்யுங்கள். ஈரத்தில் வெட்டினால் வெட்டுவாயிலிருந்து நுனிக்கருகல் இறங்கும். வெட்டிய இடத்தில் காப்பர் ஆக்சிகுளோரைடைப் பசையாகக் குழைத்துத் தடவவும். ஏற்கெனவே கருகல் இறங்கியிருந்தால், உள்தண்டு வெள்ளையாகத் தெரியும் இடம்வரை வெட்டி எடுக்கவேண்டும்.

ஃப்ரேசர் டவுன்

'சூவனீர் த லா மால்மைசோன்' மொட்டு உருண்டு பெரிதாகிறது, ஆனால் திறக்காமல் பழுப்பாகி அழுகுகிறது. பூச்சியா, நோயா?

காக்ஸ் டவுன் கொடி

எப்போது நடக்கிறது என்று பாருங்கள் மேடம். செப்டம்பர், அக்டோபரில் என்றால் மழைதான் காரணம். 1843இன் அந்த பூர்பனுக்கு இதழ்கள் மெல்லியவை, மிக நெருக்கமானவை. நனைந்த வெளியிதழ்கள் ஒட்டிக்கொண்டு காய்ந்தால் உள்ளே இருப்பது விரியமுடியாது. கூரை ஓரத்தில், காலை வெயில் நேராக விழும் இடத்துக்கு மாற்றுங்கள். மழை மாதங்களில் வரும் மொட்டுகளைக் கிள்ளிவிட்டால் டிசம்பர், ஜனவரியில் வரும் பூவை இந்த ஊரில் வேறெதுவும் மிஞ்சாது.

பிப்ரவரி முதல் மே வரை நடந்தால் அது இலைப்பேன். மொட்டை வெள்ளைத்தாள் மேல் தட்டுங்கள், மெல்லிய நூல் துண்டு போல ஓடும். இதழ் நெருக்கமான பழைய ரகங்களில் மருந்து உள்ளே இறங்காது, எனவே மொட்டு நிறம் காட்டும் முன்பே ஸ்பைனோசாட் லிட்டருக்கு 0.3 மி.லி., தேனீக்கள் அடங்கிய மாலையில். கெட்ட மொட்டுகளைத் தொட்டியிலேயே போடாமல் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். குல்கந்துக்குப் பூ எடுக்கும் செடிக்கு இது எதுவும் வேண்டாம், நீல ஒட்டும் அட்டையும் மொட்டுக் கிள்ளலும் மட்டும்.

ஒயிட்ஃபீல்டு கண்ஒட்டு

சித்தாபுரா நர்சரிகளில் பழைய ரகம் பெயரோடு கிடைப்பது அபூர்வம். யார் வீட்டிலாவது இருந்தால் குச்சி கேட்டு வாங்குவதே வழி. பூத்து உதிர்ந்த, பென்சில் பருமன் கொம்பாக இருக்கட்டும். முள்ளைப் பக்கவாட்டில் தள்ளினால் சுத்தமாக ஒடிந்தால் பதம் சரி. 15 முதல் 20 செ.மீ., நான்கு கணு, கீழ்க் கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டு. மேலே இரண்டு இலை விடவும். ஈரச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துவந்தால் இரண்டு நாள் தாங்கும். வேர்ப்பொடியில் தோய்த்து, மணலும் கோகோபீட்டும் சரிபாதி கலந்த பையில் இரண்டு கணு புதையும்படி நட்டு, மேலே கண்ணாடித்தாள் பை. நேர்வெயில் ஆகாது. முதலில் வரும் துளிரை நம்பி இடம் மாற்றாதீர்கள். அது குச்சியின் சேமிப்பில் வந்தது. 30, 45 நாளில் மெல்ல இழுத்தால் எதிர்ப்புத் தெரியவேண்டும்.

சைனாவும் பூர்பனும் இப்படி எளிதாக வரும். மஞ்சள் 'மரெஷல் நீல்' (1864) சொந்த வேரில் நோஞ்சானாகவே இருக்கும். அதன் மொட்டுக்கண்ணை வெட்டியெடுத்து எட்வர்டு மேல் ஒட்டுங்கள் (கண்ஒட்டு), நவம்பர் முதல் பிப்ரவரிக்குள். பூக்காம்பு பலமில்லாமல் தொங்கும் என்பதால் தலைக்கு மேலே பந்தலில் ஏற்றினால் பூ முகம் பார்க்கும். ஒவ்வொரு செடிக்கும் முன் கத்தியை ஸ்பிரிட்டில் துடைக்கவும். தூரில் கட்டி கட்டியாக வரும் பாக்டீரியா நோய் கத்தி வழியே போகும்.

தாய்ச்செடியின் இலையையும் பாருங்கள். மஞ்சள் கோடு வளைந்து நெளிந்து ஓடினால் தேமல் வைரஸ். அதிலிருந்து குச்சியும் வேண்டாம், கண்ணும் வேண்டாம். ஒட்டும்போது வேர்ச்செடிக்கும் போய்விடும், மருந்து கிடையாது. வெளிநாட்டிலிருந்து வருகிற உறவினர் பெட்டியில் குச்சி வைத்து எடுத்துவருவதும் கூடாது. இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டுப் பயிர்நலச் சான்றும் இல்லாமல் செடிப்பொருள் கொண்டுவரத் தடை இருக்கிறது.

அல்சூர் செம்மண்

ஒரு சேர்க்கை: மே மாத முதல் கனமழைக்குப் பிறகு மாலையில் பழுப்பு வண்டுகள் இலையைக் கடித்தால், அன்றிரவே டார்ச் வைத்துப் பிடித்து சோப்புத் தண்ணீரில் போடுங்கள். விட்டால் மண்ணில் முட்டையிடும். ஜூலையில் செடி காரணமின்றி வாடினால், தொட்டியைக் கவிழ்த்து வேரைத் தின்னும் வெள்ளைப் புழு இருக்கிறதா என்று பார்க்கவும்.