சோளக்காட்டுப் புதிர்ப்பாதை: "நாலு இலையில வெட்டினா வழி ரெடி"யாம்!

மேழி:
நேத்து இங்க ஒருத்தர் அள்ளிவிட்டது: "பண்ணைக்கு ஆள் வரணுமா? மக்காச்சோளத்துல, ஆளுங்க வழி தேடித் திரியற புதிர்ப்பாதை போடுங்க. நாலு இலை வந்ததும் புல்வெட்டியை ஓட்டினா வழி ரெடி." பத்து நாள் கழிச்சு அந்த வழியில சோளம்தான் நிக்கும். அஞ்சாறு இலை வரைக்கும் வளர்முனை, அதாவது புது இலை கிளம்பற நுனி, மண்ணுக்குள்ள இருக்கு. ஆலங்கட்டி மழையில கந்தலான இளம்பயிர் பின்ன எப்படித் தலையெடுக்குதாம்? வெட்டாதீங்க, ரோட்டவேட்டர் (மண்ணைக் கிளறற சுழல் கலப்பை) விட்டு வழியைக் கிளறிடுங்க.

தட்டைக்காடு:
அந்த "ஒருத்தர்" நான்தான். பேரைச் சொல்லியே திட்டலாம், கடிக்க மாட்டேன். தளிர்த்தா இன்னொரு தடவை ஓட்டுங்க. ரோட்டவேட்டர் விட்டுப் புழுதியாக்கினா ஒரு மழைக்கே சேறு.

மேழி:
நேத்து ஒரு தடவை, இன்னிக்கு ரெண்டு. நாளைக்கு? ஆழ உழச் சொல்லல, 5 செ.மீ. கிளறினா போதும். ஆள் வர்றது ரெண்டு மாசம் கழிச்சு, அதுக்குள்ள மண் இறுகிடும்.

வரப்போரம்:
விதையே 5 செ.மீ. ஆழத்துல போடறோமே, முனை அதுக்கும் கீழ இருக்காதா?

மேழி:
இருக்காது. விதைக்கு மேல ஒரு தண்டு நீண்டு முனையைத் தூக்கிட்டு வந்துடும். எவ்வளவு ஆழத்துல போட்டாலும் மேல்மண்ணுக்குக் கீழ சுமார் 2 செ.மீ.ல நிக்கும். சந்தேகம்னா செடியை வேரோட பிடுங்கி, தண்டை நெடுக்கப் பிளந்து பாருங்க. அடியில குட்டி வெள்ளைக் கூம்பு தெரியும். இலை எண்றப்ப குருத்துல சுருண்டதைச் சேர்க்காதீங்க. தண்டோட சேர்ற இடத்துல வெளிர்பட்டை தெரியற இலைதான் கணக்கு. சிலர் அதைக்கூடப் பார்க்காம "நாலு இலை"ன்னு எழுதறாங்க.

தட்டைக்காடு:
பாடம் முடிஞ்சுதா வாத்தியாரே? சரி, எட்டு இலையில வெட்டறேன். முனை மேல வந்திருக்கும், செடி செத்துடும்.

மேழி:
சாகும். அடிக்கட்டை? விரல் தடிமனுக்குக் குத்தீட்டியா நிக்கும், குழந்தைங்க ஓடற வழியில. சில ரகம் அடியிலேருந்து புதுத்தண்டும் விடும்.

வரப்போரம்:
சேறுதான் பிரச்சனைன்னா வைக்கோல் பரப்பலாமே.

மேழி:
தட்டை காய்ஞ்சு நிக்கற நேரத்துல வழி முழுக்க வைக்கோலா? ஒரு சிகரெட் துண்டு போதும்.

குறுக்குச்சால்:
வழி கிடக்கட்டும். ஒரே திசையில விதைச்சா 75 செ.மீ. சால் இடைவெளியில அந்தப்பக்க ஆள் அப்பட்டமா தெரியுது. விதையை ரெண்டாப் பிரிச்சு, குறுக்கும் நெடுக்குமா போடணும். அப்படியே போட்டாலும், வலது கையைச் சோளத்துமேல வச்சுட்டே நடந்தா எல்லாப் புதிரும் அவ்வளவுதான்.

மேழி:
நுழைஞ்ச வாசலுக்கே திரும்பி வருவீங்க. போய்ச் சேர வேண்டிய நடுமேடையைச் சுத்தி வெளிச்சுவரோட ஒட்டாத தனித்தீவு இருந்தா, கை அந்தப் பக்கமே போகாது.

குறுக்குச்சால்:
எல்லாத்துக்கும் இவருக்கு ஒரு பதில்.

தட்டைக்காடு:
சேத்துக்கு மட்டும் இல்ல. மழை பெய்ஞ்ச மறுநாள் உங்க 5 செ.மீ. புழுதியில ஒரு சக்கர நாற்காலியை உருட்டிக் காட்டுங்க.

மேழி:
நாலு இலைன்னு எழுதினதை முதல்ல திருத்துங்க. இன்னும் அப்படியேதான் கிடக்கு.