ஒரே லோரி, ரெண்டு டிரைவர்: பாசிர் கூடாங் – புக்கிட் காயு ஹீத்தாம் ஓட்டத்துல எப்படி மாறி மாறி ஓட்டுறது?

சிப்புட்_பையன்:

வணக்கம் அண்ணே எல்லாருக்கும். நான் சுங்கை சிப்புட். கனரக லோரிக்கான இ லைசன்சும், சரக்கு ஏத்த வேண்டிய ஜிடிஎல்லும் கையில இருக்கு. இதுவரைக்கும் தோட்டத்திலிருந்து மில்லுக்குச் செம்பனைக் குலை, அப்புறம் ஈப்போ வட்டாரத்துக்குள்ள கண்டெய்னர், அவ்வளவுதான். இப்போ ஒரு கம்பெனியில செகண்ட் டிரைவர் தேடுறாங்க. பிரைம் மூவர் (இழுக்கிற தலை வண்டி), 40 அடி ரீஃபர் (குளிர்பதன) டிரெய்லர். சாயங்காலம் 7 மணிக்கு ஜொகூர் பாசிர் கூடாங்ல கிளம்பி, காலையில தாய்லாந்து எல்லையில இருக்கிற புக்கிட் காயு ஹீத்தாம் போய் இறக்கிட்டு, அன்னைக்கே திரும்பணும். ஒருத்தர் ஓட்ட, இன்னொருத்தர் பின்னால படுக்கணும்.

எத்தனை மணிக்கு ஒருதரம் ஆள் மாறணும்? ஓடுற லோரியில நிஜமாவே தூங்க முடியுமா? கை மாறும்போது லோரியில என்னென்ன பார்க்கணும்? சம்மன் வந்தா யார் தலையில? "போகப் போகப் பழகிடும்"னு மட்டும் சொல்லாதீங்க, விவரமா வேணும்.

வடக்கு_தெற்கு:

தம்பி, முதல்ல கணக்கைப் போடு. பாசிர் கூடாங்ல இருந்து எல்லை வரைக்கும் 800 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்னப்பின்ன. சுமையோட சராசரி மணிக்கு 65 கிலோமீட்டர் பிடிச்சாலே பெரிய விஷயம். அப்போ சக்கரம் உருள்ற நேரம் மட்டும் 12 மணிக்கு மேல. நிறுத்தங்களையும் சேர்த்தா 13 தாண்டிடும்.

நிறையப் பேர் 4 மணி நேரம் நீ, 4 மணி நேரம் நான்னு பிரிப்பாங்க. கேட்க நியாயமா இருக்கும், ஆனா உருப்படாது. ஜேகேகேபி (வேலையிடப் பாதுகாப்புத் துறை) நடைமுறைக் கோட்பாட்டுல தொடர்ந்து 4 மணி நேரம் ஓட்டினா 30 நிமிஷம் ஓய்வுன்னு இருக்கு. அது ஸ்டீயரிங் பிடிக்கிறவனுக்கான கணக்கு. அந்த 30 நிமிஷத்துல ஆளை மாத்தியே ஆகணும்னு யாரும் சொல்லல. 4 மணிக்கு ஒருதரம் மாத்தினா படுத்தவனுக்கு என்ன கிடைக்குது? கண் அசர அரை மணி, எழுந்து தெளிய அரை மணி போக, மூணு மணி நேர அரைத் தூக்கம். ஓடுற லோரியில தூக்கம் எப்பவுமே மேலோட்டமாத்தான் இருக்கும். அதனால முதல் ஆள் 6 மணி நேரம் எடுக்கட்டும். நடுவுல ஆயர் குரோ ஆர் அண்ட் ஆர்ல (நெடுஞ்சாலை ஓய்விடம்) அரை மணி நிறுத்தட்டும், ஆனா பின்னால இருக்கிறவனை எழுப்ப வேண்டாம். கதவை அடிச்சுச் சாத்தாம இறங்கினாலே போதும்.

7 மணிக்குக் கிளம்பினா ராத்திரி 1 மணி வாக்குல ரவாங். அங்க ஆள் மாறுங்க.

இதுல ஒரு சிக்கல் இருக்கு, புது ஆளுங்க இதுலதான் மாட்டிக்குவாங்க. சாயங்காலம் 7லிருந்து 9 வரைக்கும் உடம்புக்கு லேசுல தூக்கம் வராது, எவ்வளவு களைப்பா இருந்தாலும் சரி. ராத்திரி 1 மணிக்கு ஓட்டப் போறவன் "வண்டியில ஏறித் தூங்கிக்கலாம்"னு பகலெல்லாம் விழிச்சிருந்தா, 10 மணிக்குத்தான் கண் அசரும், 12.30க்கு எழுப்பிடுவாங்க. அந்த ரெண்டரை மணித் தூக்கத்தோட விடியக்காலையைத் தாண்டணும். அவன் மத்தியானமே வீட்டுலயோ ஹோஸ்டல்லயோ நாலு மணி நேரமாவது தூங்கிட்டு வரணும். லோரியில கிடைக்கிற தூக்கத்தை மேற்கொண்டு கிடைச்சதா மட்டும் வச்சுக்க.

எழுந்ததும் ஸ்டீயரிங்கைத் தொடாதே. தூக்கக் கலக்கம் தெளிய 20, 30 நிமிஷம் ஆகும். ரவாங்குக்கு 30 நிமிஷம் இருக்கும்போதே ஓட்டுறவன் எழுப்பிடணும். முகம் கழுவி, பத்து நிமிஷம் கீழ நடந்துட்டு ஏறணும். காப்பி வேலை செய்யவும் அரை மணி பிடிக்கும். அடுத்ததாப் படுக்கப் போறவன் அஞ்சு மணி நேரத்துக்கு முன்னாடியே காப்பி, தே தாரேக் எல்லாத்தையும் நிறுத்திடணும். ஆயர் குரோவுல ஆள் ஆளுக்குக் கோப்பி ஓ குடிச்சிட்டு, ரவாங் தாண்டிப் படுத்துக்கிட்டுக் கூரையைப் பார்க்கிறதுல அர்த்தமே இல்ல.

படுக்கும்போது தலையை இடது பக்கம் வை. டோல் சாவடி விளக்கும் சத்தமும் டிரைவர் பக்கத்து ஜன்னல்ல இருந்துதான் வரும். படுக்கை வலையோ பெல்ட்டோ இருந்தா கட்டாம படுக்காதே. எமர்ஜென்சி பிரேக் போட்டா நேரா டேஷ்போர்டுக்குத்தான் வருவே.

பட்டறை_அண்ணன்:

ஆள் மாறிப் படுக்கிறாங்க, லோரி படுக்கிறதில்ல. இந்த மாதிரி ஓட்டத்துல கெடுறது எல்லாமே இதனாலதான். தனி ஆள் ஓட்டுற லோரி ராத்திரி ஆறேழு மணி நேரம் ஆறிக் கிடக்கும். உன் லோரியில டிரம் ஆறாது, ஹப் (சக்கரத்து நடுப்பகுதி) கிரீஸ் ஆறாது, டயர் ஆறாது. சர்வீசை மாசக் கணக்குல பார்க்காதே, கிலோமீட்டர் கணக்குல பாரு. தவுக்கே (முதலாளி) "போன மாசம்தானே எண்ணெய் மாத்தினோம்"னு சொல்லுவார்.

கை மாறும்போது ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு சுத்து வரணும், பத்து நிமிஷம் போதும். நின்ன உடனே ஹப்பைப் பாரு, ஆறினப்புறம் பார்த்து ஒண்ணும் தெரியாது. புறங்கையை நாலு விரல் தள்ளி ஒவ்வொரு சக்கரத்துக்கிட்டயும் காட்டு. தொடாதே, தோல் ஒட்டிக்கும். சின்ன இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வாங்கினா இன்னும் நல்லது. எத்தனை டிகிரின்னு பார்க்கிறதைவிட இடது வலது வித்தியாசத்தைப் பாரு. ஒண்ணு மட்டும் கொதிச்சா அதுல பிரேக் ஒட்டிக்கிட்டு ஓடுது, இல்லன்னா பேரிங் போகுது. ஒண்ணு மட்டும் ஜில்லுன்னு இருந்தா அதுல பிரேக்கே பிடிக்கல, அதோட வேலையை மத்த சக்கரம் எல்லாம் சேர்த்துச் செய்யுது. ரெண்டாவதைத்தான் யாரும் கவனிக்கிறதில்ல.

டயரைக் கட்டையால தட்டு. இரட்டைச் சக்கரத்துல உள் டயர் காத்து இறங்கினா கண்ணுக்குத் தெரியாது, தட்டினா சத்தம் மந்தமா வரும். சூடா இருக்கும்போது பிரஷர் ஏறித்தான் காட்டும், அதைப் பார்த்துக் காத்தை இறக்கிடாதே. ஆறினதும் குறைவாப் போய், அடுத்த ஓட்டத்துல பக்கச் சுவர் வெந்து வெடிக்கும். வழியில டயர் மாத்தியிருந்தா 50லிருந்து 100 கிலோமீட்டருக்குள்ள நட்டைத் திரும்ப முறுக்கணும்.

காத்துக் கசிவுக்கு: டிரெய்லரை மாட்டி, டேங்க் நிறைஞ்சு, இன்ஜினை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விட்டு, பெடலை ஒரு நிமிஷம் அமுக்கிப் பிடி. சக்கரத்துக்கு முன்னாடியே கட்டை வச்சிருக்கணும். 4 பிஎஸ்ஐக்கு மேல இறங்கினா எங்கேயோ கசிவு இருக்கு. சிவப்பு, மஞ்சள் ஹோஸ் ரெண்டு தலையிலயும் இருக்கிற ரப்பர் வாஷர்தான் முதல் சந்தேகம். பிரேக் சேம்பர் 30ஆம் நம்பரா இருந்தா, முழுசா அமுக்கும்போது பிரேக்கைத் தள்ளுற ராட் 2 அங்குலத்துக்கு மேல வெளிய வரக் கூடாது. வந்தா இறக்கத்துல டிரம் சூடாகி விரியும்போது பிரேக் ஷூ டிரம்மை எட்டாது. ஈப்போவுக்கு வடக்கே மெனோரா சுரங்கத்து இறக்கத்துல பிரேக் "இல்லாமப் போச்சு"ங்கிறது பாதி நேரம் இதுதான். முழுசாப் போறதில்ல, எட்டாமப் போகுது.

நீ சிப்புட்காரன், ஜெலாப்பாங் பக்கம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. தெற்கே வரும்போது சுரங்கம் தாண்டினதும் இறக்கம் நீளம். கியரைச் சுரங்கத்துக்கு முன்னாடியே இறக்கிடு, இறக்கத்துல தேடாதே. பிரேக்கைத் தேய்ச்சுக்கிட்டே வராம, அழுத்தமா மூணு செகண்ட் போட்டு வேகத்தை 8, 10 கிலோமீட்டர் குறைச்சு முழுசா விடு. திரும்பி வரும்போது காலி டிரெய்லர், அதுவும் மத்தியான மழை. எக்ஸாஸ்ட் பிரேக், ரிட்டார்டர் மாதிரி துணை பிரேக் எல்லாம் பிரைம் மூவர் பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். ஈர ரோட்டுல, காலி வண்டியில உச்சத்துல வச்சா அந்தச் சக்கரம் வழுக்கி டிரெய்லர் பின்னால இருந்து தள்ளி மடக்கிடும். மழையில ரிட்டார்டரை ஒரு படி குறைச்சு, வேகத்தை முன்னாடியே குறை.

அப்புறம், ஆர் அண்ட் ஆர்ல கொஞ்ச நேரம் ஆள் இல்லாம நின்னாலும் டிரெய்லரை மாட்டியிருக்கிற கிங்பின் பூட்டுக் கைப்பிடி உள்ள இருக்கான்னு குனிஞ்சு பார்த்துட்டுக் கிளம்பு. விளையாட்டுக்கு இழுத்து விடுறவங்க இருக்காங்க.

தாப்பா_டீ:

வடக்கு_தெற்கு அண்ணன் சொன்ன 6 மணி நேரம் முன்ராத்திரிக்குச் சரி. பின்ராத்திரிக்கு அதே கணக்கு ஆகாது. விடியக்காலை 2லிருந்து 5 மணி வரைக்கும் உடம்பு அடங்குற நேரம், நல்லாத் தூங்கி எழுந்தவனுக்கும் கண் இழுக்கும். ரவாங்ல 1 மணிக்குக் கிளம்பினா ஈப்போ மூணரை, மெனோரா 4 மணி, அதுக்கப்புறம் புக்கிட் பெராப்பிட். இந்த ஓட்டத்துலயே மோசமான மலையும் மோசமான நேரமும் ஒண்ணா வருது. இந்த ஆளுக்கு 4 மணி நேரம்தான் உச்சம். 5 மணிக்குக் கூனோங் செமாங்கோல்ல நிறுத்தி முதல் ஆளுக்குக் கொடுத்துடணும். அவருக்கு மூணு மணித் தூக்கம்தான் கிடைச்சிருக்கும், ஆனா மலை முடிஞ்சிடுச்சு, தரை ரோடு, வழியிலேயே விடிஞ்சிடும், மிச்சம் மூணு மணி நேரம் வாக்குலதான். 6, 4, 3. சமமாப் பிரிக்கணும்னு பிடிவாதம் வேண்டாம்.

திரும்புறதையும் யோசிச்சுக்கோங்க. வேலை நாள்ல கிள்ளான் பள்ளத்தாக்குப் பகுதி நெடுஞ்சாலையில கனரக லோரிக்குக் காலை 6.30–9.30, மாலை 4.30–7.30 தடை. எல்லையில 11 மணிக்குக் கிளம்பினா நேரா மாலைத் தடையில போய் முட்டுவீங்க. அதனால 4.30 வாக்குல தாப்பாவுல நிறுத்தி, 6 மணிக்கு எடுத்தா, சுங்கை பூலோ வரும்போது தடை முடிஞ்சிருக்கும். இந்த ஒன்றரை மணி நேரம்தான் நின்ன லோரியில ரெண்டு பேருமே படுக்கிற நேரம். போன்ல கழிச்சிடாதீங்க.

சாப்பாடு: படுக்கப் போறதுக்கு முன்னாடி நாசி கண்டார் வேண்டாம். குலுங்குற படுக்கையில நெஞ்செரிச்சல் நிச்சயம். பிளஸ் நெடுஞ்சாலையில இடது லேன் லோரிங்க ஓடியே அலை அலையாக் கிடக்கு, பாலம் சேர்ற இடத்துல தூக்கிப் போடும். அந்த இடங்கள்ல 10 கிலோமீட்டர் குறைச்சு ஓட்டினாலே பின்னால இருக்கிறவன் தூங்குவான். அவன் தூங்காட்டி அடுத்த ஷிஃப்ட்ல உன் உயிர் அவன் கையில.

டிஸ்பேட்ச்_அக்கா:

சம்மன் பற்றி யாரும் சொல்லவில்லை. சாலைக் குற்றத்தைத் தானாகப் பிடிக்கும் அவாஸ் கேமராவின் சம்மன் முதலில் லோரி உரிமையாளர் பெயருக்குத்தான் வரும், அதுவும் நாள் கடந்து. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 115-ஆவது பிரிவுப்படி அந்த நேரத்தில் ஓட்டியவர் யார் என்று உரிமையாளர் சொல்ல வேண்டும். ஜிபிஎஸ் லோரி எங்கே இருந்தது என்று காட்டும், யார் ஓட்டினார் என்று காட்டாது. ஆகவே ஒவ்வொரு முறை மாறும்போதும் தேதி, மணி, ஓடோமீட்டர், இடம், இரண்டு கையெழுத்து. புத்தகத்தில் எழுதிப் படமும் எடுத்து வாட்ஸ்அப்பில் ஆபீசுக்கு அனுப்பிவிடுங்கள். டிரைவர் அடையாளச் சாவி உள்ள ஜிபிஎஸ் என்றால் இறங்கும்போது உங்கள் சாவியை மறக்காமல் எடுங்கள். இல்லையென்றால் தூங்கிக்கொண்டிருந்த நேரமெல்லாம் உங்கள் பெயரில் ஓடியிருக்கும். கேஜாரா குற்றப்புள்ளி விழுவது ஓட்டுநரின் லைசன்சில், கம்பெனிக்கு அல்ல.

தம்பி, சேருவதற்கு முன் எழுத்தில் கேளுங்கள்: டிரிப் காசு ஆளுக்கா, லோரிக்கா? லோரிக்கு என்றால் எந்தக் கணக்கில் பிரிப்பார்கள்? எல்லையில் காத்திருக்கும் நேரத்துக்குப் பணம் உண்டா? இபிஎப் (சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு) டிரிப் காசுக்கும் சேர்த்துப் பிடிக்கிறார்களா, அடிப்படைச் சம்பளத்துக்கு மட்டுமா? "படுக்கையில் இருக்கும் நேரம் வேலை நேரமில்லை" என்று சில இடங்களில் சொல்வார்கள். முதலாளியின் கட்டளைக்கு உட்பட்டு, தன் நேரத்தையும் நடமாட்டத்தையும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாத நேரம்தான் வேலை நேரம் என்பது 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் விளக்கம். ஓடுகிற லோரியிலிருந்து யாரும் இறங்கி வீட்டுக்குப் போக முடியாது. 2023 ஜனவரி முதல் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் சாதாரண வேலை நேரம் என்பதையும் நினைவில் வைத்துப் பேசுங்கள்.

ரீஃபர் என்பதால் இன்னொன்று. ஆள் மாறும் ஒவ்வொரு இடத்திலும் செட் செய்த வெப்பநிலையையும் உள்ளே உண்மையில் இருக்கும் வெப்பநிலையையும் எழுதுங்கள். சரக்கு கெட்டுப்போனால் எந்த ஷிஃப்டில் ஏறியது என்றுதான் முதலில் கேட்பார்கள்.

சிப்புட்_பையன்:

ரொம்ப நன்றி அண்ணே, அக்கா. 6, 4, 3 கணக்கும் தாப்பா நிறுத்தமும் எனக்குத் தோணவே இல்ல. ஒரே ஒரு சந்தேகம்: ரீஃபர் இன்ஜின் படுக்கைக்கு நேர் பின்னாடிதானே இருக்கு. காதுல பஞ்சு வச்சுப் படுக்கலாமா? எழுப்பினா கேட்குமா?

பட்டறை_அண்ணன்:

பஞ்சு எதுக்கும் ஆகாது. பார்மசியில நுரை காதடைப்பான் கிடைக்கும். உருட்டி மெலிசாக்கி, காதை மேல இழுத்து உள்ள விட்டு, விரியற வரைக்கும் விரலால பிடிச்சுக்க. தொடர்ந்து ஓடுற சத்தத்துல தூங்கிடலாம். நின்னு நின்னு எடுக்கிறதுதான் தூக்கத்தைக் கெடுக்கும். உறைஞ்ச சரக்குக்கு ஸ்டார்ட் ஸ்டாப்ல வச்சிருப்பாங்க, காய்கறி, பழத்துக்குத் தொடர் ஓட்டத்துல வச்சிருப்பாங்க. என்ன சரக்குன்னு கேட்டுக்க, ஆனா படுக்க வசதியா இருக்கும்னு நீயா மோடை மாத்திடாதே. எழுப்புறதுக்குக் குரல் வேண்டாம், கேபின் விளக்கைப் போட்டுக் காலைத் தட்டச் சொல்லு. அதுவும் லோரியை நிறுத்தினப்புறம், இல்லன்னா ஓட்டுறவன் பின்னால திரும்புவான். ரவாங்குக்கு முன்னாடி எழுப்புறதுக்கு உன் போனை வைப்ரேட்ல வச்சுத் தலையணைக்குக் கீழ போட்டுக்க. ஃபேன் வாங்கினா 24 வோல்ட் பார்த்து வாங்கு, கார் கடையில கிடைக்கிறது 12, மாட்டின உடனே புகையும்.