அமைதிப்படையைத் திருப்பி அழைத்தது தவறா?

மலைமுகடு:
எங்கள் வாசகர் வட்டத்தில், 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த இந்திய அமைதிப்படை பற்றி விவாதம். "வி.பி. சிங் அவசரப்பட்டுவிட்டார், இன்னும் ஓராண்டு இருந்திருந்தால் காரியம் முடிந்திருக்கும்" என்ற கட்சி எனக்கு விழுந்திருக்கிறது. ஏறத்தாழ 1,200 வீரர்களைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பினால் அத்தனை சாவும் வீண்தானே என்று பேசச் சொல்கிறார்கள். எனக்கே மனம் ஒப்பவில்லை. எப்படிப் பேசுவது?

கடைசிக்கப்பல்:
முதலில் ஒரு திருத்தம். சிங் பிரதமரானது 1989 டிசம்பரில். முதல் அணி ராஜீவ் காலத்திலேயே, அதே ஆண்டு ஜூலை 29 அன்று கிளம்பிவிட்டது. இலங்கை அதிபர் பிரேமதாசா கெடு வைத்த அதே நாள். சிங் செய்தது முடித்துவைத்ததுதான்: 1990 மார்ச் 24, திருகோணமலையிலிருந்து கடைசிக் கப்பல்.

அப்பா அங்கே சிக்னல் பிரிவில் இருந்தார். 1987-இல் போய் இறங்கியபோது மாலை போட்டார்களாம். அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் புலிகளோடு சண்டை மூண்ட பிறகு, அதே தெருவில் குடிக்கத் தண்ணீர் கேட்கவே பயம். "யாருக்காகப் போனோமோ அவர்களும் வேண்டாம் என்றார்கள், கூப்பிட்ட கொழும்பும் போ என்றது. அப்புறம் எனக்கு அங்கே என்ன வேலை?" என்பார். செத்தவர்கள் கணக்கைக் காட்டி இன்னும் இருக்கச் சொல்வது, சீட்டாட்டத்தில் விட்டதைப் பிடிக்க உட்கார்ந்திருப்பவன் பேச்சு. அதை மட்டும் பேசாதீர்கள்.

பனங்கூடல்:
போனது சரி அண்ணா. போன விதம்? போவதற்கு முன் தமிழ் தேசிய இராணுவம் என்று ஒன்றை நிறுத்தினார்கள். அதற்கு ஆள் பிடித்தார்கள். என் பெரியம்மாவின் மகனை டியூட்டரி விட்டு வரும்போது வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஏற்றியவர்கள் பெயர் இங்கே வேண்டாம். க.பொ.த. பரீட்சை எழுத இருந்தவன், கண்ணாடி இல்லாமல் பத்தடி தெரியாது. கையில் துவக்கைக் கொடுத்துக் காவலுக்குச் சென்றியில் நிறுத்திவிட்டார்கள். இந்தியன் ஆமி ஒவ்வோர் இடமாய் விலக விலக, பின்னாலேயே புலிகள் அந்த முகாம்களை அடித்துப் பிடித்தார்கள். அவன் எப்படியோ காட்டு வழியால் வீடு வந்து சேர்ந்தான். கூட இருந்தவர்களைப் பற்றி இன்றைக்கும் வாய் திறப்பதில்லை.

மலைமுகடு:
அப்படியானால் இன்னும் எத்தனை மாதம் இருந்திருக்கலாம் என்ற பேச்சையே விட்டுவிடுகிறேன். அந்தப் பையன்களையும் கப்பலில் ஏற்றியிருக்கலாமே என்று கேட்டால்?

பனங்கூடல்:
சிலரை ஏற்றினார்கள். வடக்கு-கிழக்கு மாகாண முதலமைச்சராக இருந்த வரதராஜப் பெருமாளும் அவருடைய கட்சிக்காரர் பலரும் இந்தியா போய்ச் சேர்ந்தார்கள். பிடித்துக்கொண்டு போன பெடியனுக்குக் கப்பல் எந்தப் பக்கம் நிற்குது என்றே தெரியாது.