மறுமொழி: சி3 பேரிங்கின் உள்ளளவுக்குத் தமிழில் என்ன சொல்?

எல்லோருக்கும் வணக்கம்.

'தாங்கி'யா 'பேரிங்'கா என்ற வழக்கை இந்தத் தடவை ஒத்திவைப்போம். தமிழில் வரப்போகும் கையேட்டில் தாங்கி என்று போடுங்கள், கடையில் பேரிங் என்றுதான் கேட்பார்கள், இரண்டும் இருந்துவிட்டுப் போகட்டும். என்னை உறுத்துவது வேறு. சுழலும் தண்டைத் தாங்கும் பேரிங் மேல் சி3 என்று பொறித்திருக்கிறதே, அது குறிக்கும் அளவுக்கு, அதாவது அதன் உள்வளையமும் வெளிவளையமும் ஒன்றுக்கொன்று எவ்வளவு நகரலாம் என்பதற்கு, ஆசிரியர் ஐயா 'உள்ளாட்டம்' என்கிறார், சேலத்து நண்பர் 'உள்ளிடைவெளி' என்கிறார். இரண்டிலும் எனக்குச் சம்மதமில்லை.

கிருஷ்ணகிரியில் பேரிங் கடை வைத்திருப்பவனிடம் வருவது லாரிக்காரர், போர்வெல்காரர், கிரானைட் பட்டறைக்காரர். இந்தப் பேச்சு கிளம்பக் காரணமான பெட்டி ஓசூரிலிருந்து வந்தது. 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் செய்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரின் கியர் பாக்ஸ். வண்டி அபூர்வம்தான், ஆனால் குடும்பம் நமக்குத் தெரிந்தது. அதன் அடித்தளம் டிரையம்பின் ஹெரால்டு கார். அதே ஹெரால்டைச் சென்னையில் ஸ்டாண்டர்டு கம்பெனி செய்து விற்றது. (நம்மூர் லண்டன்பேட்டைக்கு ஒருவழியாக லண்டன் பக்கத்து வண்டி வந்துவிட்டது என்று கடைப் பையன் கிண்டல் செய்தான். கார் செய்த ஊர் லண்டன் இல்லை, கோவென்ட்ரி.)

பெட்டியைக் கொண்டுவந்த மெக்கானிக் தம்பி அதன் பழைய பேரிங்கோடு, வேறெங்கோ வாங்கிய புதியதையும் கொண்டுவந்திருந்தார். "அண்ணா, அளவு ஒண்ணுதான். ஆனா வண்டி சூடானா கியர் பாக்ஸ் கத்துது" என்றார்.

அந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகளில் அங்குலமும் மில்லிமீட்டரும் கலந்து வரும் என்பதால் முதலில் வெர்னியர் அளவுகோல்தான் பேச வேண்டும். பேரிங் நம்பர் 6205 என்றால் கடைசி இரண்டு எண்ணை ஐந்தால் பெருக்கு, உள்துளை 25 மி.மீ.; வெளிவிட்டம் 52, அகலம் 15. அங்குல வகை நம்பரான ஆர்எல்எஸ் 8 என்றால் உள்துளை எட்டு அரைக்கால் அங்குலம், அதாவது 25.4 மி.மீ.; வெளிவிட்டமும் 57.15 ஆகிவிடும். 0.4 தானே வித்தியாசம், தண்டைக் கொஞ்சம் கடைந்துவிடலாம் என்று சொல்லும் லேத்காரர் எல்லா ஊரிலும் இருக்கிறார். அவர் பேச்சைக் கேட்டால் தண்டும் போச்சு. தம்பி அந்த வலையில் விழவில்லை, மூன்று அளவும் சரியாகவே இருந்தன.

பழைய பேரிங்கின் வெளிவளையத்தில் சாக்பீஸைத் தேய்த்துத் துடைத்தேன். தேய்ந்துபோன எழுத்துக்குப் பக்கத்தில் மூன்று சிறு வட்டங்கள் தெரிந்தன. இங்கிலாந்து பேரிங்காரர்களின் பழைய குறி அது. இரண்டு வட்டம் என்றால் இயல்பானது, மூன்று என்றால் இன்றைய சி3. புதியதில் சி3 இல்லை. எதுவும் போடாவிட்டால் இயல்பு என்று பொருள். அளவு ஒன்று, உள் ஒன்றல்ல.

இனி சொல்லுக்கு வருகிறேன். 25 மி.மீ. துளையுள்ள பேரிங்கில் இயல்பு வகைக்கு அந்த உள்ளளவு 5 முதல் 20 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), சி3க்கு 13 முதல் 28. ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கிறது பாருங்கள். கையால் ஆட்டிப் பார்த்து இது சி3, இது இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. தண்டில் இறுக்கி ஏற்றியதும் உள்வளையம் கொஞ்சம் விரியும், பேரிங் உட்காரும் கூட்டில் இறுக்கமாக இறக்கினால் வெளிவளையம் சுருங்கும், ஓடும்போது உள்வளையம்தான் அதிகம் சூடேறும். மூன்றும் சேர்ந்து அந்தச் சில மைக்ரானைத் தின்றுவிடும். மிச்சம் இல்லையென்றால் குண்டுகள் நெரிபடும், சூடு இன்னும் ஏறும். அதனால்தான் முதலிலேயே கூடுதலாக விட்டு வைக்கிறார்கள்.

இதற்குப் போய் 'ஆட்டம்' என்று பெயர் வைக்கலாமா? கிரானைட் பட்டறையில் 'ஆட்டம் கொடுத்துடுச்சு' என்றால் பேரிங் தேய்ந்துபோயிற்று, மாற்று என்று அர்த்தம். ஆட்டம் கண்ட அரசாங்கம் என்று பேப்பரில் எழுதுவதும் அதே பொருளில்தான். இப்போதே புதுப் பேரிங்கைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்து "புதுசே ஆடுது" என்று திருப்பிக் கொடுக்க வருகிறார்கள். ஆழக்காடிப் பேரிங்கில் (வளையங்களின் ஆழமான காடியில் குண்டு ஓடும் வகை) அச்சுவழி அசைவு, அதாவது தண்டின் நீளவாக்கில் வருவது, ஆரவழி அசைவைப்போல, அதாவது தண்டுக்குக் குறுக்கே வருவதைப்போல, பல மடங்கு இருக்கும், அது குறையே இல்லை. இவர்கள் கையில் 'மிகை உள்ளாட்டம்' என்று அச்சடித்த கையேட்டைக் கொடுத்தால் என் கடையை மூட வேண்டியதுதான்.

'இடைவெளி' பாவமில்லாத சொல், ஆனால் பொருளுக்கு எட்டவில்லை. ஒரு வளையத்தைப் பிடித்துக்கொண்டு மற்றதைச் சுமையில்லாமல் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு எவ்வளவு நகர்த்தலாம் என்பதே இங்கே கணக்கு. சும்மா கிடக்கும் வெற்றிடத்தின் அளவு இல்லை, அனுமதித்த நகர்வின் அளவு. தவிர, ஸ்பார்க் பிளக் முதல் டேப்பட் வரை இடைவெளி என்றே எழுதியாயிற்று.

என் முன்மொழிவு: இளக்கம். மாட்டுக்குக் கழுத்துக் கயிறு கட்டும்போது "கொஞ்சம் இளக்கமா கட்டு" என்போம். அவிழ்ந்துபோனது அல்ல, வேண்டுமென்றே விட்டது. தேய்ந்து வந்ததை ஆட்டம் என்போம், செய்யும்போதே விட்டதை இளக்கம் என்போம். ஆர இளக்கம், அச்சு இளக்கம், இயல் இளக்கம், மிகை இளக்கம் என்று சேர்த்துச் சொல்லவும் வாய்க்கு எளிது.

அன்புடன்,
கிருஷ்ணகிரி பேரிங் கடைக்காரன்

* * *

சேலத்திலிருந்து:

இடைவெளியைத் திரும்பப் பெறுகிறேன் என்று இன்னும் சொல்லவில்லை, ஆனால் ஆட்டம் வேண்டாம் என்பது சரி. இளக்கத்தில் எனக்கு ஒரு தயக்கம்: மெழுகு இளகுவது, மனம் இளகுவது என்றுதான் படிப்பவருக்கு முதலில் தோன்றும். போல்ட் இளகுவதும் பழுதுதானே? 'தளர்வு' போதாதா?

* * *

கிருஷ்ணகிரியிலிருந்து:

போல்ட் இளகியது வினை, அது பழுதுதான். ஆனால் 'இளக்கமா இருக்கட்டும்' என்று சொன்னால் நம் பக்கம் யாரும் பழுதாக எடுக்கமாட்டார்கள். தளர்வுக்கு அந்த வசதி கிடையாது. தளர்ந்த உடம்பு, தளர்ந்த நட்டு, எல்லாம் கைவிட்ட கேஸ். கையேட்டில் முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'தாங்கி இளக்கம்' என்று போட்டால் மெழுகு குறுக்கே வராது. ஐடிஐ பிள்ளைகளிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாமே.

அப்புறம், பேரிங்கின் வெளிவளையத்துக் காடியில் மாட்டும் ஸ்நாப் ரிங்குக்குக் 'காடிவளையம்' என்றதை யாரும் எதிர்க்கவில்லை, சேர்த்துவிடலாம். கூடவே ஒரு குறிப்பும் வேண்டும்: நம்பர் 'என்ஆர்' என்று முடிந்தால் வளையம் பேரிங்கோடு வரும், 'என்' மட்டும் என்றால் காடி மட்டும்தான், வளையத்தைத் தனியாக வாங்க வேண்டும்.