படத்தில் பச்சை, சுவரில் சாம்பல்: எந்தச் சாயலைத் தேர்ந்தெடுப்பது?

பின்டரெஸ்டில் சேமித்து வைத்திருந்த ஒரு வரவேற்பறைப் படத்தைப் பார்த்து, அதே வெளிர் பச்சையை எங்கள் அறையின் நீளமான சுவருக்கு அடித்தோம். அந்த நிறம் பகலில் சாம்பலாகவும், இரவில் மஞ்சள் கலந்த பழுப்பாகவும் தெரிகிறது.

அறை 10க்கு 12 அடி, உயரம் 9 அடி. ஒரே ஜன்னல்தான், அதற்கு எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுவர் நிற்பதால் நேரடி வெயில் விழுவதே இல்லை. தரையில் அடர் பழுப்பு டைல்ஸ், மேலே 3000 கெல்வின் எல்இடி விளக்கு (கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிற அளவு: எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம் கலந்த வெள்ளை). மேட் எமல்ஷன் இரண்டு கோட் அடித்து ஒரு மாதம் ஆகிவிட்டதால், காயாத பெயின்ட் என்று சொல்ல முடியாது.

விளக்கை 6500 கெல்வினுக்கு மாற்றினேன். மஞ்சள் போயிற்று, ஆனால் அறை மருத்துவமனை வார்டு போல வெளிறியது. 4000 கெல்வின் ஓரளவு பரவாயில்லை. படத்தைத் தேடிப் பார்த்ததில், அதுவே வேறு தளங்களில் வெவ்வேறு நிறச் சாயலில் கிடைக்கிறது. எல்லாவற்றிலும் இரு பக்கம் பெரிய ஜன்னல்கள், வெள்ளைத் தரை. (சோபாவின் நிழல் இரு திசைகளில் விழுவதைப் பார்த்தால், அது கணினியில் உருவாக்கிய படமோ என்றும் தோன்றுகிறது.) சுவரில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிவைத்தால், அதன் ஓரத்தில் மட்டும் பச்சை தெளிவாகத் தெரிகிறது, எனவே பெயின்டைவிட வெளிச்சத்தின் மீதே எனக்குச் சந்தேகம்.

வெயில் வராத இப்படிப்பட்ட அறையில் பச்சை பச்சையாகவே தெரிய, இதைவிட வெளிறிய சாயலுக்கு மாற வேண்டுமா, நிறச்செறிவு கூடிய சாயலுக்கு மாற வேண்டுமா?