ஓனரஸ்: சுமைசேர், சுமைமிகு

வணக்கம்.

'ஓனரஸ் கிஃப்ட்' (onerous gift) என்ற ஆங்கிலச் சட்டச் சொல்லுக்குத் தமிழில் 'பாரமான கொடை' என்ற பரிந்துரை வந்திருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சட்டம் இந்தச் சொல்லை எதற்குப் பயன்படுத்துகிறது என்று பார்த்துவிட்டுப் பெயர் வைப்போம்.

1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டம், பிரிவு 127. ஒரே கொடையில் பல பொருள்கள் வருகின்றன. அவற்றில் ஒன்றோடு மட்டும் ஒரு கடப்பாடு ஒட்டிக்கொண்டு வருகிறது. அந்தப் பிரிவே தரும் எடுத்துக்காட்டு அருமையானது. ஒருவரிடம் நன்றாக நடக்கும் கம்பெனியின் பங்குகளும் தள்ளாடும் கம்பெனியின் பங்குகளும் இருக்கின்றன. தள்ளாடும் கம்பெனி பங்குதாரர்களிடம் பெருந்தொகை கேட்கும் நிலையில் இருக்கிறது. அவர் எல்லாவற்றையும் சேர்த்து ஒருவருக்குக் கொடுக்கிறார். வாங்குபவர் 'நல்ல பங்கு மட்டும் போதும்' என்றால் அதுவும் கிடைக்காது. எடுத்தால் முழுசாக எடுக்க வேண்டும். உயில் வழியே வருவதற்கும் இதே விதிதான்: 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம், பிரிவு 122.

ஆக, அந்தக் கொடை கூட்டிக் கழித்துப் பார்த்தால் லாபமாகக்கூட இருக்கலாம். கடப்பாடு சேர்ந்து வருகிறது, அவ்வளவுதான். அதனால் 'சுமைசேர் கொடை' என்கிறேன். சுமை என்ற சொல் சட்டத்துக்குப் புதிதல்ல. 'மெய்ப்பிக்கும் சுமை' என்று எழுதுகிறோமே. லத்தீன் மூலமான 'ஓனுஸ்' என்பதற்கும் சுமை என்றுதான் பொருள்.

'பொறை' எனக்கு மிகவும் பிடித்த சொல். 'நிலக்குப் பொறை' என்று குறள் சொல்லும்போது அது நேராகவே சுமை. ஆனால் இன்று பத்திரம் படிப்பவருக்குப் பொறை என்றால் பொறுமை. 'வில்லங்கக் கொடை' வேண்டவே வேண்டாம். வில்லங்கம் பதிவு அலுவலகத்தில் வேறொன்றுக்கு நிலைத்துவிட்டது. வில்லங்கச் சான்றிதழ் கேட்டு வாங்காத வீட்டுக்காரர் உண்டா? பேச்சு வழக்கில் அதற்கு வம்பு என்ற பொருளும் இருக்கிறது.

அப்புறம் கணக்கியல். இந்தியக் கணக்கியல் தரம் 37 சொல்லும் ஓனரஸ் ஒப்பந்தத்தில், கடப்பாட்டை நிறைவேற்றத் தவிர்க்க முடியாமல் ஆகும் செலவு, வரக்கூடிய பயனை மிஞ்சுகிறது. முடித்துக் கொடுக்க ஆகும் செலவு, முடிக்காமல் விட்டால் கட்ட வேண்டிய இழப்பீடு, இரண்டில் எது குறைவோ அதுதான் அந்தத் தவிர்க்க முடியாத செலவு. இங்கே சுமை சேர்ந்தால் போதாது, மிஞ்ச வேண்டும். எனவே 'சுமைமிகு ஒப்பந்தம்'. வெறுமனே 'சுமை ஒப்பந்தம்' என்றால் லாரியில் மூட்டை ஏற்றும் ஒப்பந்தம் என்று நினைப்பார்கள்.

ஒரு சொல்லுக்கு இரண்டு சொல்லா என்று கேட்கலாம். பொருளே இரண்டாக இருக்கும்போது இரண்டு வைப்பதுதான் நேர்மை.

2013-ஆம் ஆண்டு நிறுமச் (கம்பெனி) சட்டத்தின் 333-ஆம் பிரிவில்தான் சிக்கல். கலைக்கப்படும் நிறுமத்தின் ஓனரஸ் சொத்தைத் தீர்ப்பாயத்தின் அனுமதியோடு கைவிட அது வழிசெய்கிறது. கடப்பாடு ஏறிய நிலமும் அதில் அடக்கம், லாபமில்லாத ஒப்பந்தமும் அடக்கம்; மேலே சொன்ன இரண்டு பொருளும் இங்கே ஒன்றாகக் கலக்கின்றன. கைவிடத் தோன்றும் அளவுக்குப் போன சொத்து என்பதால் நான் 'சுமைமிகு சொத்து' பக்கம் சாய்கிறேன். கம்பெனி வழக்குகளைத் தமிழில் எழுதிப் பழகியவர்கள் சொல்லுங்கள்.