சாய்ந்த ஷேலில் ஆழ்துளை ஒலி அலை மாடல் வெடிக்கிறது, நேரப் படியைக் குறைத்தும் நிற்கவில்லை

பினாங்கு மாணவி:
அனைவருக்கும் வணக்கம். கெலுகோரில் முதுகலை ஆய்வு செய்கிறேன். நீர் நிரம்பிய ஆழ்துளையில் டைப்போல் மூலம் (ஒரு பக்கம் தள்ளி எதிர்ப்பக்கம் இழுக்கும் ஒலி மூலம்) வைத்து, சுற்றியுள்ள ஷேலில் (படலம் படலமான களிமண் பாறை) அலை எப்படிப் போகிறது என்று பார்க்க முப்பரிமாண ஃபைனைட் டிஃபரன்ஸ் நிரல் (இடத்தையும் நேரத்தையும் சிறு படிகளாக வெட்டிக் கணக்கிடுவது) எழுதியிருக்கிறேன். மலாய்ப் படுகையில் ஒரே கடல் மேடையிலிருந்து பல கிணறுகளைச் சாய்த்துத் தோண்டுகிறார்கள். அதனால் ஷேலின் சமச்சீர் அச்சு (படலங்களுக்குச் செங்குத்தான திசை) கிணற்றோடு கோணம் போட்டு நிற்கும். எனக்கு வேண்டியது அந்தச் சாய்ந்த நிலைதான்.

அச்சு வழியே பி (அமுக்க) அலை வேகம் 3300, எஸ் (குறுக்கு) அலை வேகம் 1700 மீ/வி, அடர்த்தி 2450 கிலோ/கன மீட்டர். திசைக்குத் திசை வேகம் எவ்வளவு மாறுகிறது என்று சொல்லும் தாம்சன் எண்கள்: எப்சிலான் 0.2, டெல்டா 0.1, காமா 0.2. துளையின் விட்டம் 216 மிமீ, கட்டம் 5 மிமீ, நான்காம் படித் துல்லியம், நேரப் படி 0.5 மைக்ரோவிநாடி, மூலம் 3 கிலோஹெர்ட்ஸ். ஓரங்களில் பிஎம்எல், அதாவது வெளியே போகும் அலையை உறிஞ்சும் அடுக்கு.

சாய்வு (அச்சுக்கும் கிணற்றுக்கும் இடையிலான கோணம்) 0 பாகை, 90 பாகை இரண்டிலும் ஒழுங்காக ஓடுகிறது. 45 பாகை வைத்தால் சுமார் 3 மில்லிவிநாடியில் எண்கள் எகிறிவிடுகின்றன. நேரப் படியை 0.25 ஆக்கினேன், அப்போதும் அதே 3 மில்லிவிநாடியில்தான் வெடிக்கிறது. எங்கே பார்ப்பது?

பட்டர்வொர்த் வாத்தியார்:
முதலில் சுழற்றிய விறைப்பு அணியை (பாறை எந்தத் திசையில் எவ்வளவு விறைப்பு என்று சொல்லும் 6 × 6 எண்கள், சி11 முதல் சி66 வரை) சோதித்துவிடுங்கள், பத்து நிமிட வேலை. சி11, சி22, சி33 மூன்றையும் கூட்டி, சி44, சி55, சி66 கூட்டுத்தொகையின் இரு மடங்கைச் சேர்த்தால் வரும் எண் எந்தக் கோணத்திலும் மாறக்கூடாது. மாறினால், சுழற்றப் பயன்படும் பாண்ட் அணியில் எங்கோ 2 விடுபட்டிருக்கும். ஐகன் மதிப்புகளை ஒப்பிடுவதானால் கெல்வின் வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். நாம் வழக்கமாக எழுதும் வோய்க்ட் வடிவத்தில் அவை சுழற்சியில் மாறும், வீண் பயம் வரும்.

இன்னொன்று, இருபரிமாண அச்சுச் சமச்சீர் நிரலில் ஏன் செய்யவில்லை? மெமரி எவ்வளவோ மிச்சமாகுமே.

கேஎல் லாக்கிங்:
வாத்தியார் சார், அது 0 பாகைக்கு மட்டும்தான் பொருந்தும். சாய்ந்ததும் துளையைச் சுற்றி ஒவ்வொரு திசையிலும் வேகம் வேறு. பினாங்குத் தீவின் கருங்கல்லில் செங்குத்து வெடிப்புகள் வரிசையாக இருந்தாலும் இதே கதைதான்.

தங்கச்சி, நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது. நேரப் படிதான் காரணம் என்றால், பாதியாக்கியதும் வெடிப்பு நின்றிருக்கும். கணக்குப்படியும் இடமிருக்கிறது. இந்த ஷேலில் கிடைமட்ட பி வேகம் 3300 அல்ல, 3905 மீ/வி. அதை வைத்தாலும் 0.63 மைக்ரோவிநாடி வரை தாங்கும். படியை மாற்றியும் அதே நேரத்தில் வெடிக்கிறது என்றால் சமன்பாடே நிலையில்லாதது. 0, 90 இரண்டிலும் நன்றாக ஓடி நடுவில் மட்டும் வெடிப்பது பிஎம்எல்லின் கைவரிசை.

பிஎம்எல், அலைமுகம் நகரும் திசையைப் பார்த்து 'இது வெளியே போகிறது, அடக்கு' என்று வேலை செய்கிறது. திசைக்குத் திசை வேகம் மாறும் பாறையில் அலைமுகம் ஒரு பக்கமும் ஆற்றல் வேறு பக்கமும் போகும். அச்சு கட்டத்தோடு ஒட்டி நிற்கும்போது, உங்கள் எண்களுக்கு, இரண்டும் ஓரத்தைப் பொறுத்து ஒரே பக்கம்தான் போகின்றன. சாய்த்ததும், ஓரத்துக்கு ஏறக்குறைய இணையாக ஓடும் சில அலைகளில் அலைமுகம் வெளியே, ஆற்றல் உள்ளே என்றாகிவிடுகிறது. அவற்றை அடுக்கு அடக்காது, வளர்க்கும். பெகாஷ், ஃபோக்கே, ஜோலி மூவரும் 2003இல் இந்த நிபந்தனையைத் தெளிவாக நிறுவினார்கள்.

உறுதி செய்ய, வெடிப்பதற்குச் சற்று முந்தைய ஒரு ஸ்னாப்ஷாட்டை வரைந்து பாருங்கள். வளர்ச்சி துளைச் சுவரில் இல்லாமல் ஓர அடுக்குக்குள் தொடங்கியிருக்கும்.

தீர்வு எம்-பிஎம்எல், பிஎம்எல்லைத் திருத்தி 2008இல் வந்த முறை. ஒரு திசையில் போடும் தணிப்பில் ஒரு பங்கை மற்ற இரண்டு திசைகளிலும் போட வேண்டும். 0.1 பங்கில் தொடங்குங்கள். பங்கு கூடக் கூட நிலை உறுதியாகும், ஆனால் ஓரத்திலிருந்து எதிரொலிப்பும் கூடும். அதனால் போதுமான அளவோடு நிறுத்துவது நல்லது.

பினாங்கு மாணவி:
மிக்க நன்றி அண்ணா. ஸ்னாப்ஷாட்டில் நீங்கள் சொன்னபடியே, கட்டத்தின் இரண்டு எதிரெதிர் மூலைகளில் அடுக்குக்குள் கோடு கோடாக வளர்கிறது. துளைப் பக்கம் சுத்தமாக இருக்கிறது. வாத்தியார் சார் சொன்ன கூட்டுத்தொகையும் மாறவில்லை. பங்கு 0.1இல் வெடிப்பு தள்ளிப்போனது, 0.2இல் அடங்கிவிட்டது. இனி முடிவுகளை நம்பலாமா?

கேஎல் லாக்கிங்:
இன்னும் இல்லை. ஓரத்தைத் தள்ளி வைத்து, பெரிய கட்டத்தில் ஒரு முறை ஓட்டுங்கள். இரண்டு ஓட்டத்தின் ரிசீவர் பதிவுகளையும் கழித்துப் பார்த்தால் எதிரொலிப்பு எவ்வளவு என்று தெரியும்.

அப்புறம் 0 பாகையில் மோனோபோல் மூலம் (எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தள்ளுவது), குறைந்த அதிர்வெண், ஸ்டோன்லி அலை (துளை வழியே சுவரை ஒட்டி ஓடும் மெதுவான அலை). இந்தச் சோதனையை யாரும் விடக்கூடாது என்பது என் கருத்து. அதன் வேகத்தைக் காகிதத்திலேயே கணக்கிடலாம். அங்கே வேலை செய்வது சி66 (படலத் தளத்துக்குள்ளேயான குறுக்கு விறைப்பு), சி44 (அச்சு வழியே போகும் எஸ் அலையின் விறைப்பு) அல்ல, ஏனென்றால் துளைச் சுவர் கிடைமட்டமாகத்தான் விரிந்து சுருங்குகிறது. உங்கள் எண்களுக்கு, நீரில் 1500 மீ/வி வைத்தால், 1354 மீ/வி வர வேண்டும். 1307 பக்கம் வந்தால் நிரல் சி44ஐ எடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

45 பாகைக்கு டைப்போலை இரண்டு முறை ஓட்ட வேண்டும்: சாய்வுத் தளத்துக்குள் ஒரு முறை, அதற்குச் செங்குத்தாக ஒரு முறை. வேகமான வளைவலையும் (டைப்போல் துளையில் எழுப்பும் வளையும் அலை) மெதுவானதும் அப்போதுதான் தனித்தனியாகக் கிடைக்கும்.

பட்டர்வொர்த் வாத்தியார்:
மெமரிக்கு ஒரு வழி. கட்டத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் விறைப்பு அணியின் 21 மாறிலிகளை வைக்காதீர்கள். 240 × 240 × 1200 கட்டத்தில் அது மட்டுமே 5.8 ஜிபி தின்னும். பொருள் எண்ணை மட்டும் புள்ளியில் வைத்து, மாறிலிகளைத் தனி அட்டவணையில் வையுங்கள். நீர், ஷேல், சுவரை ஒட்டிச் சராசரி எடுத்த சில வகைகள், அவ்வளவுதான் வரும். வேகமும் தகைவும் சேர்ந்து 2.5 ஜிபிக்குள் அடங்கும், சாதாரண கிராஃபிக்ஸ் கார்டிலேயே ஓடும்.